கலப்பில்லாத சீனட்டி

நல்லரத்தினம் சேர் ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறுகையில் மூக்குக்கண்ணாடியுமாக வந்து மேசைக்கு முன்னால் நின்றபோது, அன்னப்பூரணி மாத அறிக்கைக்கு ஒரு பொய் தேடிக்கொண்டிருந்தாள். தொண்டு நிறுவனத்தில் அவளுடைய பகுதி செய்கிற வேலையில் பாதியை அறிக்கையில் எழுத முடியாது. எழுதக்கூடிய மீதியை வைத்துப் பக்கத்தை நிரப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். சேரின் முகத்தில் அப்படியொரு சந்தோசம். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஐப்பசியில், மட்டக்களப்பு நகரத்து அலுவலகம் ஒன்றில் ஒரு மனுசன் வாயெல்லாம் பல்லாக நின்றால் பார்க்கிறவர்களுக்குப் பயம்தான் வரும்.

“தங்கச்சி, நீங்க பெரிய கள்ளி,” என்றார். “கலப்பில்லாத சீனட்டி தன்னாமுனையில கிடக்கு. நான் வயல் வட்டையெல்லாம் விசாரிச்சுத் திரியிறன். எனக்கு ஒரு வார்த்த சொல்லல்லையே.”

அன்னப்பூரணி அறிக்கையை மூடி வைத்தாள்.

“எந்தச் சீனட்டி, சேர்?”

“எந்தச் சீனட்டியாமே! தையல்காரச் சீதேவிப்பிள்ளைட வீட்ட இரிக்கிற சீனட்டிதான். ஈரம் படல்ல, முளை கெடல்ல எண்டு கொழும்புக்கு மெயில் எழுதத் தெரியிது. அடுத்த மேசையில இரிக்கிற எனக்குச் சொல்ல மனம் வரல்ல, என்ன?”

சீனட்டி என்பது நெல். மட்டக்களப்பில் தெரியாதவர்கள் இல்லை. சிவந்த அரிசி, சின்ன மணி. ஆனால் அன்னப்பூரணி எழுதிய மெயில்களில் இருந்த சீனட்டி நெல் அல்ல. அது கண்ணகை என்ற பத்தொன்பது வயதுப் பிள்ளை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில், ஆயுதம் தூக்கியவர்கள் அவளை வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போய்த் தலைமயிரைக் கட்டையாக வெட்டிப் பயிற்சிக்கு விட்டிருந்தார்கள். ஒரு மழை நாளில் தோணியில் தப்பி இக்கரைக்கு வந்துவிட்டாள். விட்டு வந்த முகாம்காரர் தேடினார்கள். அவர்களிலிருந்து பிரிந்து நகரத்துக்குள் அலுவலகம் போட்டிருந்தவர்களும் தேடினார்கள், தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள. இராணுவத்தின் கையில் அகப்பட்டால் அது இன்னொரு கதை. இப்படி மூன்று பக்கமும் தேடுகிற பிள்ளையை, கொழும்புக்கு அனுப்பி வெளிநாடு ஏற்றும் வரைக்கும் ஒளித்து வைப்பதுதான் அறிக்கையில் எழுத முடியாத அந்தப் பாதி வேலை.

பிள்ளை சிவலை, ஆள் குள்ளம். வெள்ளாமைக் குடும்பத்தில் பிறந்த அன்னப்பூரணிக்கு முதலில் வாயில் வந்த பெயர் சீனட்டி. விவசாயத்துக்கும் உதவி செய்கிற நிறுவனம் என்பதால் நெல்லைப் பற்றி மெயில் போவதில் யாருக்கும் சந்தேகம் வராது என்று கணக்குப் போட்டாள். ஆளின் பெயரை மறைத்தவள் வீட்டுக்காரியின் பெயரையும் ஊரையும் அப்படியே எழுதினாள். கொழும்பில் இருந்தவர்கள் எங்கே, யார் வீட்டில் என்று கேட்டார்கள். அவசரத்தில் பச்சையாகவே எழுதிவிட்டாள். நெல்லுக்கு யார் வரப்போகிறார்கள் என்ற தைரியம். நெல்லைத் தேடியும் ஒருவர் வருவார் என்று அவள் புத்திக்குத் தோன்றவே இல்லை.

“சேர், என்ட மெயில் உங்களுக்கு என்னண்டு வந்த?”

“கொம்பியூட்டர் பாக்கிற முனாப் தம்பிதான் திறந்து தந்தவர். போன கிழம கரண்ட் போன நேரம் என்ட பழைய மெயிலெல்லாம் முறிஞ்சு போச்சு எண்டு திருத்தித் தந்தார். பார்த்தா உங்கட பேர் இரிக்கு. சரி, ஒண்டுக்குள்ள ஒண்டு எண்டு நினைச்சன்.” தேநீரை ஒரு மிடறு குடித்தார். “வித நெல்லெண்டா என்ட பகுதிதானே. நேற்றே ஆமி முகாமுக்குப் பெர்மிட்டுக்கு எழுதிக் குடுத்திட்டன். விடியத்தான் வந்த. யோகராசா லொறியோட போயிற்றான்.”

நெல் மூடைகள் வாவி தாண்டிப் போய்விடும் என்று இராணுவத்துக்கு எப்போதும் பயம். அதனால் சாக்கில் எந்தத் தானியம் நகர்ந்தாலும் முகாமின் அனுமதி வேண்டும்.

“பெர்மிட்டில என்ன எழுதின, சேர்?”

“எல்லாம் எழுதினாத்தானே தருவாங்க. வீட்டுக்காரிட பேர், ஊர், எந்த ஒழுங்கை. ஏன் தங்கச்சி, முகம் இப்பிடிப் போச்சு? சும்மா எடுக்கல்ல. மாத்து நெல் குடுத்திருவம்.”

அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற மனுசன். நெற்கதிரைக் கண்டால் பெற்ற பிள்ளையைக் கண்ட மாதிரி குழைகிறவர். இப்படியொரு வெகுளி உலகத்தில் இருக்க முடியுமா? அல்லது எல்லாம் தெரிந்துகொண்டுதான் தேநீர் குடித்தபடி என் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா? அந்த நாட்களின் பெரிய கொடுமை அதுதான். ஒருவர் செய்தது பிழையா, காட்டிக்கொடுப்பா என்று பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டும் ஒரே முகத்தோடுதான் வந்து நின்றன. உண்மையைச் சொன்னால் இவர் உதவக்கூடும். சொன்ன கையோடு அவருக்கும் தெரிந்துவிடும். தெரிந்தவர் தொகை கூடினால் பிள்ளையின் ஆயுள் குறையும். வாயை மூடிக்கொண்டாள்.

லொறியோடு போனது யோகராசா என்பதுதான் அவளுக்குப் பெரிய பயம். நிறுவனத்தின் லொறி ஓட்டுகிறவன், வாய் கொடுத்து வாய் வாங்காதவன். அவனுடைய சொந்தத் தம்பி, பிரிந்து வந்தவர்களின் அலுவலகத்தில் துவக்கோடு நிற்கிறான். ஊரறிந்த விசயம். யோகராசாவும் மறைத்ததில்லை, பேசியதும் இல்லை.

கைத்தொலைபேசி இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தது. யாரோ மேலிடத்தில் இழுத்து மூடியிருந்தார்கள். சீதேவிப்பிள்ளையிடம் வேறு தொலைபேசியும் இல்லை. ஸ்கூட்டியின் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனவள், முனாப்பின் அறை வாசலில் நின்றுவிட்டாள். அந்த அறைக்குள்தான் சேர்வர் இருந்தது. குளிரூட்டி வேலை செய்யாததால் கதவை எந்நேரமும் திறந்தே வைத்திருப்பார்கள்.

மெயிலை அங்கே கொண்டுபோய் வைக்கச் சொன்னதே அவள்தான். நாவற்குடாவிலிருந்து தினமும் கல்லடிப் பாலம் தாண்டி வர வேண்டும். ஒருநாள் பாலத்துச் சென்றிச் சாவடியில் நின்ற ஆமிக்காரன் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னான். திரையில் இருந்த பூப்படத்தைப் பார்த்துவிட்டு மூடச் சொல்லிவிட்டான், அவ்வளவுதான். ஆனால் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள், என்ட மெசினில ஒரு எழுத்தும் இரிக்கப்படாது, எல்லாத்தையும் பெரிய மெசினில வை என்று முனாப்பிடம் பிடிவாதமாக நின்றாள். காத்தான்குடிப் பொடியன், கணினியைத் தவிர வேறெதிலும் வாய் திறக்காதவன், அன்றைக்கு வாய் திறந்தான். “இது நெட்வேர்க் லைன்ல வச்சுத் திறக்கிற பைல் இல்ல மிஸ். ஒராள்ட மெசினுக்குள்ள கிடக்க வேண்டிய சாமான். லைன் அறுந்தா முறிஞ்சிரும். மற்றது, ஒரு அலுமாரிக்குள்ள எல்லாரும் கை போடுறாங்க.”

அவள் கேட்கவில்லை. அவள் பிள்ளையாக இருந்த காலத்திலேயே ஊர் எரிந்திருக்கிறது. எரியும்போதெல்லாம் தாலிக்கொடியையும் காணி உறுதியையும் தூக்கிக்கொண்டு கோயிலுக்குத்தான் ஓடினார்கள். வீட்டில் இருப்பது போகும், பொதுவில் இருப்பது தப்பும். அந்தப் பழக்கம் இரத்தத்தில் ஊறிப்போய், கணினி விசயத்திலும் அதே புத்தி வேலை செய்தது. தேர்ந்த படிப்புப் படித்த பெண்தான். பயம் வந்தால் படிப்பு எங்கே நிற்கும்?

“முனாப், நல்லரத்தினம் சேர்ட மெசினில என்ட மெயில் ஓடுது.”

முனாப் எழுந்து வந்து கதவைச் சாத்தினான். அந்தக் கதவு சாத்தி அவள் பார்த்ததே இல்லை.

“எல்லாருட பைலுக்கும் மெயில் புரோகிராம் தானா வைக்கிற பேர் ஒண்டுதான் மிஸ். கரண்ட் போகக்குள்ள உங்கடதும் சேர்டதும் திறந்து கிடந்த. ரெண்டும் முறிஞ்சிட்டு. திருத்தி எடுத்து வைக்கக்குள்ள உங்கடத சேர்ட இடத்திலயும் வச்சிட்டன் போல. அல்லாவே, என்ட பிழதான்.”

“வேற ஆர் ஆர் பார்த்திரிப்பாங்க?”

“என்னத்தச் செல்லுற? லைன்ல இரிக்கிற எந்த மெசினில இருந்தும் திறக்கலாம். கூட்டத்துக்கு வாற வெளி ஆக்களும் நம்மட மெசினிலதானே குந்துறாங்க. திறந்தவன்ட அடையாளம் ஒண்டும் நிக்காது.”

“இப்பவே அழி.”

“அழிக்கிறன். ஆனா திருத்தக்குள்ள அது ஒரு கொப்பி எடுத்து வச்சிரிக்கும். அதுக்கு முந்தின கிழமைட கொப்பி வேற இரிக்கும். எல்லாத்தையும் தேடித் தேடித்தான் அழிக்க வேணும்.” குரலைத் தாழ்த்தினான். “நீங்க முந்தி அழிச்ச மெயிலும் அதுக்குள்ளதான் கிடக்கும் மிஸ். அழிச்சா கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.”

கண்ணகைக்கு முன்னால் அனுப்பி வைத்தவர்களும் அதற்குள் இருந்தார்கள். அவர்களை ஒளித்த வீடுகள், ஏற்றிப் போன வாகனங்கள். எல்லாவற்றையும் அன்றன்றே அழித்துவிட்டதாக நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

“நீ பார்த்தியா, முனாப்?” கேட்டபிறகு தன் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை. எத்தனை வருசப் பழக்கம், அவன் உம்மா பெருநாளுக்கு வட்டிலப்பம் கொடுத்து அனுப்புவாள். ஆனாலும் கேட்டாள்.

அவன் விசைப்பலகையைப் பார்த்தபடி இருந்தான்.

“திருந்திச்சா எண்டு பார்க்கத் திறக்கத்தானே வேணும். பார்த்தன். நெல்லப் பத்திக் கிடந்த. நெல்லெண்டுதான் நினைச்சன்.” கதிரையைத் திரையின் பக்கம் திருப்பிக்கொண்டு, “அப்பிடியே வச்சிக்கங்க மிஸ்,” என்றான். “நீங்க போங்க. நான் இஞ்ச இரிக்கிறத அழிக்கிறன்.”

கோட்டைமுனைப் பாலத்தில் ஏறியபோதுதான் தலைக்கவசம் போட மறந்தது தெரிந்தது. கிறுகித் திரும்பிப் போக மனம் வரவில்லை. இடப்பக்கம் வாவி வெயிலில் அசையாமல் கிடந்தது. தோணி ஒன்றைக்கூடக் காணவில்லை. மீன்பிடிக்கு அன்று தடை. கடைகள் பாதி திறந்து, பாதி மூடி, எந்த நேரமும் பலகையை இழுத்துவிட ஆயத்தமாக நின்றன. பின்னால் ஒரு வாகனம் வரும் சத்தம் கேட்டால் போதும், அவளுடைய கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. ஆட்களைக் கடத்துவது வெள்ளை வான்களில்தான் என்பதால், வெள்ளை நிறத்தில் எது வந்தாலும் ஓரமாக ஒதுங்கி அது கடந்து போகும்வரை நின்றாள். ஊறணி தாண்டும்வரை இப்படித்தான்.

போனகிழமை போய்ப் பார்த்தபோது கண்ணகை பின்னறையில் நிலத்தில் இருந்து பள்ளிக்கூடச் சட்டைகளுக்குப் பொத்தான் பூட்டும் தெறிக்கண் தைத்துக்கொண்டிருந்தாள். சீதேவிப்பிள்ளை தனி மனுசி. புருசன் போய்ச் சேர்ந்து கனகாலம். அக்கம்பக்கத்தார் அவளை முற்றத்தில் காணும் நேரத்தில் உள்ளே தையல் மெசின் ஓடினால் கதை கந்தலாகிவிடும். அதனால் பிள்ளைக்குச் சத்தமில்லாத வேலை. தெறிக்கண்ணுக்குச் சத்தமில்லை. “இவள் தைக்கிற தெறிக்கண்ணில நானே பிழை பிடிக்கேலா,” என்று சீதேவிப்பிள்ளை பெருமையாகச் சொன்னாள். பிள்ளை தலையைத் தடவிக்கொண்டு, “மயிர் எப்ப வளரும் அக்கா?” என்று மட்டும் கேட்டாள். கட்டை மயிரோடு ஒரு பெண்பிள்ளை தெருவில் இறங்கினால், எங்கிருந்து ஓடி வந்தவள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தோளைத் தொடும் அளவுக்கு வளர்ந்தால் கொழும்புக்குப் பேருந்து ஏற்றலாம் என்று அன்னப்பூரணி நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்கு ஏதும் ஆனால் இந்தக் கையாலேதானே ஆனது என்று ஓடும் ஸ்கூட்டியில் வாய்விட்டுச் சொன்னாள்.

தன்னாமுனைக்கு முந்திய சென்றியில் வாகனங்கள் நின்றன. மண்மூடைகளும் தகரப் பீப்பாய்களும் வைத்து வீதியை ஒரு வண்டிப் பாதையாக ஒடுக்கியிருந்தார்கள். அவள் இறங்கி ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தபோது, எதிர்ப்பக்கத்தில் தங்கள் லொறியைக் கண்டாள். எஞ்சின் நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தது. போய், ஏற்றி, திரும்பி வந்துவிட்டது. பின்தட்டில் மேலே படங்கு போர்த்து, பாதிக்கு மேல் மூடைகள்.

சீதேவிப்பிள்ளையின் வீட்டில் துணி இருக்கும், நூல் இருக்கும். ஒரு சுண்டு நெல் கிடையாது.

யோகராசா அவளைக் கண்டதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். பக்கத்தில் நின்ற ஆமிக்காரனுக்கும் கேட்கட்டும் என்பதுபோல் சத்தமாகவே பேசினான்.

“மிஸ், நீங்களும் வாறீங்களா? எல்லாம் ஏத்தியாச்சு.”

“எங்க இருந்து ஏத்தின?”

“அந்த அக்கா முதல்ல நெல் ஒண்டும் இல்லெண்டுதான் சொன்னா. மறுகா பெர்மிட்ட வாங்கிப் பார்த்தா. தன்ட பேர் இரிக்கு, முகாம்ட சீல் இரிக்கு. பார்த்திட்டு அப்பிடியே நிண்டா. மறுகா பக்கத்து வீடுகளுக்க ஓடி, ஆக்கள்ட சாப்பாட்டு நெல்ல மூட மூடையா வாங்கித் தந்தா.” மூச்சு வாங்கினான். “ஒரு மூடைய மட்டும் என்னைத் தொட விடல்ல. தானே பின்னறையில கட்டி, தானும் நானுமாத் தூக்கி மூலையில வச்ச. இறக்கக்குள்ள மெதுவா இறக்கு எண்டவ. சீனட்டி, மிஸ்ட்டக் குடு எண்டவ.”

அன்னப்பூரணி அவனுடைய கண்ணைத் தேடினாள். அவன் தரையைப் பார்த்தான். இவனுக்கு என்ன தெரியும்? தூக்கியவனுக்குப் பாரம் தெரியாதா? நெல் மூடைக்கும் மற்றதுக்கும் கைக்கு வித்தியாசம் தெரியாதா? தெரிந்துதான் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறானா, தெரிந்துதான் காப்பாற்றிக் கொண்டுபோகப் பார்க்கிறானா? தம்பிக்குச் சொல்லிவிட்டு வந்தானா? சீதேவிப்பிள்ளையின் புத்தி மட்டும் அவளுக்கு வெளிச்சமாக விளங்கியது. வீட்டின் பெயர் முகாமுக்குப் போய்விட்டது என்று பெர்மிட்டைப் பார்த்ததும் கண்டுகொண்டாள். இனி அந்த வீடு ஒளிப்பிடம் இல்லை. வந்த லொறியிலேயே பிள்ளையை அனுப்பிவிட்டாள்.

ஆமிக்காரன் ஒருவன் லொறிக்குப் பின்னால் ஏறினான். இளந்தாரி, மீசை சரியாக முளைக்கவில்லை. கையில் நீட்டாக ஒரு இரும்புக் கம்பி, முனை கூராகத் தீட்டியது. மூடைக்குள் துவக்கோ குண்டோ இருக்கிறதா என்று குத்திப் பார்க்கிற கம்பி. படங்கை விலக்கி முதல் மூடையில் இறக்கினான். பிடிவரைக்கும் போனது. உருவினான். ஓட்டை வழியே நெல் சரசரவென்று வழிந்தது. அடுத்ததிலும் இறக்கினான்.

யோகராசா தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அவனைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தான். விதை நெல், மெதுவாகக் குத்துங்கள், முளை முறிந்துவிடும் என்று சொல்கிறான் என்பது அவளுக்குப் புரிந்தது. சிரித்த வாய் சிரித்தபடி இருக்க, சாரத்தைப் பிடித்திருந்த இரண்டு கையும் வெடவெடவென்று நடுங்கின. அவனுக்குத் தெரியும். அவளைப் போலவே பயந்து செத்துக்கொண்டிருக்கிறான். இவ்வளவு காலமும் இந்த மனுசனுக்குப் பயந்து பயந்து ஒதுங்கிப் போயிருக்கிறாளே.

ஆமிக்காரன் சிரித்துவிட்டுக் கம்பியைக் காற்சட்டையில் துடைத்தான். மூடைகளின் மேல் காலை வைத்து, விழாமல் பார்த்துப் பார்த்து மூலைப் பக்கம் நடந்தான். கத்தித் தடுத்தால் பிள்ளை அவர்கள் கையில். கத்தாவிட்டால் கம்பி. மூலை மூடை மற்ற மூடைகளைவிடக் கொஞ்சம் சரிந்து, அசையாமல் இருந்தது. அவன் அதில் ஒரு காலை ஊன்றிக் கம்பியைத் தூக்கினான்.

அன்னப்பூரணி ஸ்கூட்டியில் தாவி ஏறிக் கிளப்பி, முறுக்கித் தடுப்புக்கு வைத்திருந்த பீப்பாயில் கொண்டுபோய் மோதினாள். பீப்பாய் பெருஞ்சத்தத்தோடு வீதியில் உருண்டது. விழுந்த ஸ்கூட்டியின் பக்கத்தில், முழங்கால் தோலுரிந்து, தலையில் கவசமில்லாமல் கிடந்தபடியே ஹோர்னை விடாமல் அழுத்தினாள். யார் யாரோ சிங்களத்தில் கத்தினார்கள். சென்றியில் நின்ற அத்தனை துவக்கும் அவள் பக்கம் திரும்பின. லொறியின் மேல் நின்றவனும் கம்பியைப் போட்டுவிட்டுத் தோளிலிருந்த துவக்கைக் கையில் எடுத்து அவளை நோக்கிக் குதித்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஹோர்னிலிருந்து பெருவிரலை எடுக்காமல் கிடந்தாள். சத்தத்துக்கு அடியில், யோகராசா லொறியில் பாய்ந்து ஏறிக் கதவை அடிப்பதும், கியர் விழுவதும் கேட்டன.